பெயர் மறந்துபோன மலை ஊர்

மாமாவுக்கு அந்த ஊரின் பெயரைத் தவிர மற்றதெல்லாம் நினைவிருக்கிறது. மலை மேல் குளிரான சின்ன ஊர், நடுவில் ஒரு மணிக்கூண்டு, மணிக்கூண்டின் தலையில் கொம்பு, ஊரை ஒட்டியே பூமி பிளந்துகொண்ட மாதிரி ஒரு பெரிய பள்ளம், புகை விடுகிற மலை ஒன்று, பக்கத்தில் சும்மா நிற்கிற மலை ஒன்று, தெருவெல்லாம் குதிரை வண்டி. இந்தோனேசியா என்பது உறுதி. அதற்கு மேல் கேட்டால் கையை விரித்துவிடுவார்.

மாமா என்றால் அம்மாவின் மூத்த அண்ணன். எழுபதைத் தாண்டிவிட்டார். இளவயதில் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தபோது, கூட வேலை செய்த மலாய் நண்பர் ஒருவர் தன் பாட்டி ஊரில் நடந்த கல்யாணத்துக்கு இவரையும் அழைத்துப் போயிருக்கிறார். அந்த நண்பர் இப்போது உயிரோடு இல்லை. எடுத்த படங்களும் ஈசூனுக்கு வீடு மாறியபோது எங்கோ போய்விட்டன. தீபாவளிக்குக் குடும்பம் கூடினால் இந்தக் கதை வரும், யாராவது “இந்தோனேசியாவில மலை ஊருக்கா பஞ்சம்” என்பார்கள், பேச்சு வேறு பக்கம் போய்விடும். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாகவே இருந்தது. ஒரு மனிதர் இத்தனை வருடம் ஒரு ஊரை உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறார், அதன் பெயரை அவருக்குச் சொல்ல நம்மில் ஒருவர் கூடவா மெனக்கெடக்கூடாது?

ஆரம்பத்திலேயே ஒன்று முடிவு செய்தேன். மாமாவிடம் எந்தப் படத்தையும் காட்டக்கூடாது. பாதி மறந்தவரிடம் ஒரு அழகான படத்தை நீட்டி “இதுவா மாமா?” என்று கேட்டால் “ஆமா, இப்படித்தான் இருந்துச்சு” என்றுதான் வரும், அப்புறம் அந்தப் படமே அவருடைய நினைவாக உட்கார்ந்துகொள்ளும், பழைய நினைவை அதிலிருந்து பிரித்தெடுக்கவே முடியாது. அதே போல “என்ன பார்த்தீங்க?” என்று கேட்பதிலும் பெரிய பயன் இல்லை. மலை, ஏரி, கோபுரம் என்று எல்லா மலை ஊருக்கும் பொருந்துகிற பதில்தான் கிடைக்கும். அதனால் கையில் என்ன கட்டியிருந்தீர்கள், தட்டில் என்ன இருந்தது, யார் எங்கே உட்கார்ந்தார்கள், எந்தப் பக்கம் நடந்தபோது கால் வலித்தது என்று கேட்டேன். ஊர் அங்கேதான் அகப்பட்டது.

முதலில் கைக்கடிகாரம். அங்கே போய் இறங்கியதும் மணியை மாற்றினீர்களா என்று கேட்டதற்கு மாமா யோசிக்கக்கூட இல்லை. “அரை மணி பின்னாடி வச்சோம்மா. ஒரு மணி நேரமா இருந்தா சரி, அது என்னடா அரை மணின்னு அவன்கிட்ட கேட்டேன், அது நல்லா ஞாபகம் இருக்கு.”

இன்று சிங்கப்பூருக்கும் சுமத்ரா, ஜாவாவுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். ஆனால் 1981 முடியும் வரை நம் நேரம் கிரீன்விச்சைவிட ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தது. மலேசியா தன் இரண்டு பகுதிகளுக்கும் ஒரே நேரம் வேண்டும் என்று முடிவெடுத்து அரை மணி முன்னே தள்ளியது, நாமும் அதோடு சேர்ந்து 1982 ஜனவரி 1 முதல் எட்டு மணி நேரத்துக்கு வந்தோம். மேற்கு இந்தோனேசியா ஏழு மணி நேரத்தில் நிற்கிறது. ஆக, “அரை மணி பின்னாடி” என்றால் பயணம் 1982க்கு முன்னால். மாமா வேலைக்குச் சேர்ந்த காலத்தோடு சேர்த்துப் பார்த்தால் எழுபதுகள். இன்னொன்றும் அதிலேயே தீர்ந்துவிட்டது. சுலாவெசி எட்டு மணி நேரக் கணக்கில் இருக்கும் தீவு, அங்கே போயிருந்தால் அரை மணி முன்னால் தள்ளியிருக்க வேண்டும்.

சுலாவெசி கணக்கிலிருந்து விலகியது ஏன் முக்கியம் என்றால், கொம்பு வைத்த கூரை என்றதும் எனக்கு முதலில் தோன்றியதே அங்கிருக்கும் தோராஜா மலைப்பகுதிதான். படகு மாதிரி வளைந்த கூரை, வீட்டு முகப்புத் தூணில் அடுக்கடுக்காக எருமைக் கொம்பு, எல்லாம் அங்கே உண்டு. அது போக சுமத்ராவில் மட்டும் மூன்று பக்கம் பார்க்க வேண்டியிருந்தது. வடக்கே பெராஸ்தாகியைச் சுற்றி காரோ மக்களின் வீடுகளில் கூரை முனையில் எருமைத் தலை வைப்பார்கள், பக்கத்திலேயே சிபாயாக், சினாபுங் என்று இரண்டு எரிமலைகளும் இருக்கின்றன, குளிரும் உண்டு, மாமா சொன்ன எல்லாமே கிட்டத்தட்ட பொருந்தி வந்தது. தோபா ஏரிப் பக்கம் பாத்தாக் மக்களின் வீடுகள், முன்னும் பின்னும் தூக்கிய கூரையோடு. மூன்றாவது மேற்கு சுமத்ராவின் மினாங்கபாவ் மக்கள். அவர்கள் வீட்டுக் கூரையில் ஒரு வளைவோடு நிற்பதில்லை, இரண்டு மூன்று ஜோடி கூர்முனைகள் அடுத்தடுத்து வானத்தைப் பார்த்து எழும்பி நிற்கும்.

கூரையில் எத்தனை முனை என்று மாமாவிடம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நிறைய இருந்தது என்றார். அதை வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது. ஆனால் கல்யாண வீட்டைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது.

“வீடு பாட்டியோடதுதான். பாட்டிக்கு அப்புறம் பொண்ணுக்கு, அதுக்கப்புறம் பேத்திக்குன்னு சொன்னான். ஆம்பளைங்களுக்கு அங்க வீடே கிடையாதாம். ஆனா கல்யாணத்துல பேச்செல்லாம் பொண்ணோட தாய்மாமன்தான் பேசுனாரு. அப்பா ஓரமா உட்கார்ந்திருந்தாரு. நம்ம வீட்டுல மாதிரியே தாய்மாமனுக்கு மரியாதை இருக்கேன்னு நினைச்சுக்கிட்டேன்.”

மினாங்கபாவ் மக்கள் தாய்வழிச் சமூகம். பரம்பரை வீடும் நிலமும் பெண்கள் வழியாகத்தான் போகும், அக்கா தங்கை பிள்ளைகளுக்குப் பொறுப்பு தாய்மாமனுக்கு. ஆண்கள் வெளியூர் போய்ச் சம்பாதிப்பது அவர்களிடம் ஒரு வழக்கமாகவே இருக்கிறது, அப்படித்தான் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் இத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள். அதே சமயம் அவர்கள் முஸ்லிம்கள். காரோ, தோபா பாத்தாக் மக்களில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள், அதோடு அவர்களிடம் குலம் தந்தை வழியில்தான் போகும். விடியற்காலையில் நாலு பக்கமும் பாங்கு சத்தம், வீடு பாட்டியுடையது, பேசுகிறவர் தாய்மாமன். இந்த மூன்றும் ஒன்றாகச் சேரும் இடம் சுமத்ராவில் ஒன்றுதான். இதை எந்தச் சுற்றுலாப் படமும் எனக்குச் சொல்லியிருக்காது. தாய்மாமனாக இருக்கிற ஒருவர் கவனித்து வைத்த விஷயம் இது.

நடுவில் மலையின் பெயர் ஒரு குழப்பம் செய்தது. புகை விடுகிற மலைக்குப் பெயர் “மெராப்பி” என்று மாமாவுக்கு ஞாபகம். மெராப்பி என்று தேடினால் வருவதெல்லாம் ஜாவாவில் ஜோக்ஜகர்த்தாவுக்கு மேலே இருக்கும் புகழ்பெற்ற எரிமலைதான். அதன் பக்கத்திலும் மெர்பாபு என்று இரண்டாவது மலை நிற்கிறது. அந்த வட்டாரத்தில் மகெலாங் என்ற ஊரின் சதுக்கத்தில் டச்சுக்காரர் காலத்துக் கோபுரம் கூட உண்டு. ஆனால் அது தண்ணீர்த் தொட்டிக் கோபுரம், மணி காட்டாது, கொம்பும் கிடையாது, ஊரும் அப்படியொன்றும் உயரத்தில் இல்லை. மேற்கு சுமத்ராவில் மராப்பி என்று வேறு ஒரு எரிமலை இருக்கிறது, ஓர் எழுத்துதான் வித்தியாசம், அதன் துணையாக சிங்காலாங். இரண்டுமே 2,800 மீட்டருக்கு மேல். காதால் கேட்டு நாற்பது ஐம்பது வருடம் வைத்திருந்த பெயரில் ஓர் எழுத்து நகர்ந்திருப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“படாங்” என்ற பெயரும் மாமா வாயில் வந்தது. இதற்கு நான் அதிக மதிப்பெண் கொடுக்கவில்லை. சிங்கப்பூரில் வளர்ந்தவர் வாயில் படாங் எங்கிருந்து வேண்டுமானாலும் வரும், நகர மண்டபத்துக்கு எதிரில் இருக்கிற திடலும் படாங், கம்போங் கிளாமில் சாப்பிடுகிற சோறும் நாசி படாங். வேறு வழியாக உள்ளே வந்திருக்கக்கூடிய நினைவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றக்கூடாது என்பது என் எண்ணம். விமானத்தில் இறங்கிய ஊரில் கடல் இருந்தது, உடனே பேருந்து ஏறிவிட்டோம் என்று அவர் சொன்ன பிறகுதான் படாங் நகரத்தை வரைபடத்தில் புள்ளி வைத்தேன்.

பேருந்துப் பயணத்தைப் பற்றிக் கேட்டபோது மாமா குரலே மாறியது. காட்டு வழி, ஒரு பக்கம் மலைச்சுவர், இன்னொரு பக்கம் ஆறு. திடீரென்று ரோட்டை ஒட்டியே அருவி விழுகிறது, சன்னல் கண்ணாடி இல்லாத பேருந்தில் எல்லார் முகத்திலும் சாரல் அடித்திருக்கிறது. அதற்குக் கொஞ்சம் தள்ளி ரோட்டுக்கு மேலே ரயில் பாலம். “அருவிக்கு நாம போவோம், அங்க அருவி நம்மகிட்ட வருது” என்றார். படாங்கிலிருந்து மலையேறும் வழியில் ஆனாய் பள்ளத்தாக்கு இப்படித்தான் இருக்கிறது. அருவி நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே விழுகிறது, டச்சுக்காரர்கள் நிலக்கரி கொண்டுபோகப் போட்ட ரயில் தடத்தின் இரும்புப் பாலம் சாலைக்கு மேலே போகிறது. அந்தச் சாலை மேலே ஏறி படாங் பாஞ்சாங் என்ற ஊர் வழியாகப் போய்ச் சேரும் மலை ஊர் புக்கிட்டிங்கி.

இவ்வளவுக்குப் பிறகுதான் மணிக்கூண்டைப் பார்க்கத் தொடங்கினேன், அதுதான் எல்லாவற்றையும்விடச் சுலபமான அடையாளம் என்றாலும். புக்கிட்டிங்கியின் ஜாம் காடாங் என்ற மணிக்கூண்டைப் பற்றி யார் எழுதினாலும் முதலில் சொல்வது, ரோமன் எண்ணில் நான்கு என்பதை அதில் நான்கு கோடுகளாகப் போட்டிருக்கிறார்கள் என்பதைத்தான். மாமாவும் சொன்னார். ஆனால் அது அவ்வளவு அபூர்வம் இல்லை. ரோமன் எண் போட்ட கைக்கடிகாரங்கள் பலவற்றிலும் நான்கு கோடுதான் இருக்கும், கடையில் போய்ப் பார்த்தாலே தெரியும். அந்தக் கூண்டில் எனக்கு உண்மையிலேயே பிடித்தது அதன் தலைதான். 1920களின் நடுவில் டச்சுக்காரர் காலத்தில் கட்டியபோது உருண்டையான கூரை, உச்சியில் ஒரு சேவல் சிலை. ஜப்பானியர் வந்ததும் அதை எடுத்துவிட்டு ஜப்பானியக் கோவில் பாணியில் கூரை போட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மினாங்கபாவ் வீட்டுக் கூரையின் கொம்புகள் வந்தன. ஆட்சி மாறும்போதெல்லாம் அந்த 26 மீட்டர் கூண்டு தலையை மாற்றிக்கொண்டது. மாமா பார்த்தது மூன்றாவது தலை, எழுபதுகளுக்கு அது சரியாகவே பொருந்துகிறது.

சரி, இனி படம் காட்டலாம் என்று தோன்றியது. அதற்கு முன்னால் ஒரு தாளைக் கொடுத்து வரையச் சொன்னேன். மாமாவுக்கு வரைய வராது, ஆனாலும் மணிக்கூண்டைப் போட்டு, அதன் பின்னால் சந்தை என்று எழுதி, சந்தையிலிருந்து கீழே ஒரு நீளமான படிக்கட்டு, அதன் அடியில் இன்னொரு சந்தை என்று கோடு இழுத்தார். மேலே துணிமணி, கீழே காய்கறி என்றார். கீழ்ச்சந்தையில் ஒரு அம்மா உயரமான இடத்தில் உட்கார்ந்துகொண்டு, முன்னால் பரப்பி வைத்த பெரிய பாத்திரங்களிலிருந்து நீளக் காம்பு வைத்த அகப்பையால் குழம்பை எடுத்துத் தட்டில் போட்டாராம். மாமா மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார் என்று நண்பர் சொல்லவும், பலாக்காய்க் குழம்பும் மீனுமாகப் போட்டிருக்கிறார்கள்.

மேல்சந்தையையும் கீழ்ச்சந்தையையும் இணைக்கும் படிக்கட்டு அங்கே இன்றும் இருக்கிறது, “நாற்பது படி” என்றே அதற்குப் பெயர். நீள அகப்பை நாசி காப்பாவ் என்ற சோற்றுக் கடைகளின் அடையாளம், நாம் இங்கே சாப்பிடும் நாசி படாங்கில் அதைப் பார்க்க முடியாது. அப்புறம் பெராஸ்தாகி, தோராஜா, மகெலாங், புக்கிட்டிங்கி எல்லாவற்றின் பழைய படங்களையும் கலந்து, பெயர் எதுவும் போடாமல் மேசையில் பரப்பினேன். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். புக்கிட்டிங்கியை ஒட்டிய சியானோக் பள்ளத்தாக்கின் படத்தில் நின்றுவிட்டார். செங்குத்தாக இறங்கும் மண்சுவர், அடியில் நூல் மாதிரி ஓடும் ஆறு, ஆற்றங்கரையில் வயல். மணிக்கூண்டு படம் பக்கத்திலேயே கிடந்தது, அதை அவர் இன்னும் பார்க்கவே இல்லை.

“இதாம்மா. இங்க நின்னு நான் கீழ பார்த்திருக்கேன்.”

அதற்குப் பிறகும் நான் விடவில்லை. ஒருவர் பார்த்ததை வைத்து ஊரைக் கண்டுபிடிப்பதைப் போலவே, பார்க்காததை வைத்தும் சரிபார்க்கலாம் என்று நினைக்கிறேன். இன்று புக்கிட்டிங்கிக்குப் போகிறவர்கள் எல்லாரும் நுழைந்து வரும் ஜப்பானியர் சுரங்கம் இருக்கிறது, போர்க்காலத்தில் மலைக்கு உள்ளே தோண்டியது, ஆயிரம் மீட்டருக்கு மேல் நீளம். அதைப் பார்த்தீர்களா என்று கேட்டால், அப்படி ஒன்றும் இல்லையே என்று அடித்துச் சொன்னார். எண்பதுகளில்தான் அதைச் சீர்செய்து மக்களுக்குத் திறந்தார்கள். தெருவுக்கு மேலே தொங்கும் லிம்பாபே பாலம்? அதுவும் இல்லை. அது தொண்ணூறுகளில் வந்தது. ஆனால் பாலம் போய்ச் சேரும் கோட்டை மேட்டை அவருக்குத் தெரிந்திருந்தது, “கோட்டைன்னு கூட்டிட்டுப் போனான், ரெண்டு மூணு பீரங்கிதான் கிடந்துச்சு” என்றார். 1820களில் மினாங்கபாவ் பகுதியில் நடந்த பாத்ரி போரின்போது டச்சுக்காரர்கள் எழுப்பிய கோட்டை அது, மிச்சம் இருப்பது மேடும் பீரங்கிகளும்தான். அந்தக் கோட்டையின் பெயரால் ஊரையே ஃபோர்ட் டி கோக் என்று அழைத்திருக்கிறார்கள், பழைய வரைபடங்களில் புக்கிட்டிங்கி என்று தேடினால் கிடைக்காமல் போவது இதனால்தான்.

நமக்கு அந்த ஊர் ஒன்றும் அந்நியம் இல்லை என்பதை இந்தத் தேடலில்தான் தெரிந்துகொண்டேன். நம் தேசிய கீதத்துக்கு இசையும் சொல்லும் தந்த சுபிர் சைட் பிறந்தது புக்கிட்டிங்கியில், 1907இல். 1928இல் சிங்கப்பூருக்கு வந்தார், 1987இல் இங்கேயே மறைந்தார். 1958இல் அவர் நகர மன்றத்துக்காக அமைத்த பாட்டுதான் அடுத்த ஆண்டே நாட்டின் பாட்டானது. கலைப்பள்ளி இருக்கும் தெருவுக்கு அவர் பெயர்தான். நம் சிங்கப்பூர் வெள்ளி நோட்டில் இருக்கும் முதல் அதிபர் யூசோஃப் இஷாக்கின் தந்தை வழியும் மினாங்கபாவ்தான். பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் நின்று பாடியிருக்கிறேன், அந்த மனிதர் எந்த மலையைப் பார்த்து வளர்ந்தார் என்று யாரும் சொல்லித்தரவில்லை, நானும் கேட்டதில்லை. பாடத்தில் ஒரு வரியாவது இருக்கலாம்.

இதை மாமாவிடம் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், தன் நண்பர் வேலையிடத்தில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே இருப்பார் என்றும், எல்லாரும் அவரைக் கிண்டல் செய்வார்கள் என்றும் சொன்னார்.

மாமா பார்த்த ஊர் அப்படியே இருக்கிறது என்று நான் அவரிடம் சொல்லவில்லை, அது உண்மையும் இல்லை. மணிக்கூண்டுக்குப் பின்னால் இருந்த மேல்சந்தை 2017இல் தீப்பிடித்து, இப்போது புதுக் கட்டடம் நிற்கிறது. மராப்பி 2023 டிசம்பர் 3 அன்று வெடித்ததில் மலையேறப் போன 24 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் பெய்த கனமழையில் மலைச்சரிவில் கிடந்த சாம்பலும் பாறையும் வெள்ளத்தோடு இறங்கி 60க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயின. ஆனாய் பள்ளத்தாக்குச் சாலையும் அதில் அறுந்துபோய், பிறகு சரிசெய்து திறந்தார்கள். அந்தச் செய்தி வந்த நாட்களில் நாங்கள் எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்திருப்போம், மாமாவும் பார்த்திருப்பார், சாரல் அடித்த அதே ரோடு என்று அவருக்குத் தெரியாமலே.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. கல்யாண வீடு ஊருக்குள் இல்லை, ஒரு கம்பத்தில், அதாவது ஒரு கிராமத்தில். அதன் பெயர் மாமாவுக்கு வரவில்லை. அந்தக் கம்பத்தில் பல வீடுகளில் வெள்ளி நகை வேலை நடந்தது, காலையிலேயே தட்டும் சத்தம் கேட்கும் என்கிறார். பள்ளத்தாக்கின் எதிர்க்கரையில் இருக்கும் கோத்தோ காடாங் வெள்ளி வேலைக்குப் பெயர்போன இடம், 1911இல் ரோஹானா குடுஸ் என்ற பெண்மணி பெண்களுக்காகக் கைத்தொழில் பள்ளி தொடங்கிய ஊரும் அதுதான். வெள்ளிச் சத்தத்தை மட்டும் வைத்து அதுதான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் கேட்க வேண்டியது இதுதான்: சந்தையிலிருந்து கல்யாண வீட்டுக்குப் போகும்போது பள்ளத்தில் இறங்கி ஆற்றைத் தாண்டி ஏறினீர்களா, இல்லை குதிரை வண்டியில் மேட்டு வழியாகவே போனீர்களா? இறங்கி ஏறியிருந்தால் முழங்காலுக்கு ஞாபகம் இருக்கும்.